வாய்க்கால் கரண்ட்

எங்கள் வீட்டுக்கு மீட்டர் ரீடிங் எடுக்க வருகிறவர் மேல் எனக்குத் தனிப்பட்ட பகை எதுவும் இல்லை. வந்தால் தண்ணீர் கொடுப்பேன், வெயில் ஏறிய நேரமென்றால் மோரும் கொடுப்பேன். ஆனால் வர வேண்டிய நாளில் வராமல், இன்று நாளை என்று இழுத்து, ஒருநாள் சாவகாசமாக வந்து நின்று, "அக்கா, இந்தத் தடவை தாண்டிருச்சுங்களே" என்று சிரிப்பார் பாருங்கள், அப்போது அந்த மோர்ச் சொம்பைப் பிடுங்கி அவர் தலையிலேயே கவிழ்த்துவிடலாம் போல இருக்கும்.

எதைத் தாண்டியது என்று கேட்பீர்கள். வீட்டுக் கரண்டுக்கு இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை கணக்கு. இத்தனை யூனிட் வரைக்கும் ஒரு விலை என்று ஓர் அளவு வைத்திருக்கிறார்கள். அந்த அளவை ஒரே ஒரு யூனிட் தாண்டிவிட்டால் போதும், தாண்டின யூனிட்டுக்கு மட்டும் விலை ஏறாது, அதற்கு முன்னால் எரித்ததற்கும் சேர்த்து ஏறிவிடும். நான் பல்லைக் கடித்துக்கொண்டு, அயர்ன் பாக்ஸைத் தொடாமல், மோட்டாரை அளந்து ஓட்டி, அளவுக்குள் நிறுத்தி வைத்திருப்பேன். அவர் தாமதமாக வருகிற அந்தச் சில நாட்களில் அது தாண்டிவிடும். தாமதமாக வந்தது அவர், தண்டம் கட்டுவது நான். இதைக் கரண்ட் ஆபீஸில் போய்க் கேட்டேன். அடுத்த தடவை சரியாகிவிடும் என்றார்கள். எப்படிச் சரியாகும்? தாண்டினது தாண்டினதுதானே!

அதனால் நானே கணிக்கப் பழகிக்கொண்டேன். சாயங்காலம் விளக்கேற்றிவிட்டு வாசலுக்கு வந்து மீட்டரை ஒரு பார்வை பார்ப்பேன். எத்தனை ஓடியிருக்கிறது, இன்னும் எத்தனை நாள் பாக்கி, அந்த மனிதர் எத்தனை நாள் தாமதிப்பார், நடுவில் விசேஷம் ஏதாவது வருகிறதா, வெயில் ஏறுமா, எல்லாவற்றையும் மனதில் போட்டு உருட்டி ஒரு தொகை சொல்வேன். பெரும்பாலும் பக்கத்தில் வந்து நிற்கும். என் வீட்டுக்காரர் கிண்டல் செய்வார், செய்தியில் மழை சொல்கிறவர்களைவிட நீ தேவலை என்று. அவருக்கென்ன, சொல்வார்.

இத்தனை கணிப்பும் வீட்டு மிக்ஸிக்காகவும் டிவிக்காகவும் இல்லை. தையல் ரூமுக்காக. உடுமலைக்குத் தெற்கே, தோப்புக்கு நடுவில் எங்கள் வீடு. வீட்டை ஒட்டி முன்பு தேங்காய் போட்டு வைத்திருந்த ஓர் அறை. அதில் கரண்டில் ஓடுகிற பழைய தையல் மெஷின்கள், பவர் டேபிள் என்பார்கள், சிலதை வாங்கிப் போட்டு, நானும் இன்னும் மூன்று பெண்களும் தைத்துக்கொண்டிருந்தோம். பெருமாநல்லூரில் ஒரு பனியன் கம்பெனி இருக்கிறது. அங்கே கட்டிங் முடிந்த துணி, ஒரு காண்ட்ராக்டர் மூலமாகப் பண்டல் பண்டலாக வேனில் வரும். தைத்துக் கொடுத்தால் பீஸுக்கு இவ்வளவு என்று கூலி. வீட்டோடு சின்னதாகத் தைத்துக்கொள்ளலாம், வீட்டு மீட்டரே போதும் என்று கரண்ட் ஆபீஸில் கேட்டுக்கொண்டுதான் ஆரம்பித்தேன். கேட்காமல் செய்கிற பழக்கம் எங்கள் வீட்டில் கிடையாது. அதுதான் எங்களைக் கெடுத்தது என்று இப்போது தோன்றுகிறது.

அந்த ரூம் வருவதற்கு முன்னால் பல வருஷம் நான் கம்பெனி பஸ்ஸில் போனவள். இருட்டோடு ஏறி இருட்டோடு இறங்குகிற பிழைப்பு. பிள்ளைகள் தூங்கும்போது கிளம்பி, தூங்கின பிறகு வந்து சேர்வேன். பெண்ணுக்குப் பல் விழுந்ததை அவள் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். இனிமேல் அந்த பஸ்ஸில் கால் வைக்க மாட்டேன் என்று சபதம் போட்டுத்தான் ரூமைத் தொடங்கினேன்.

என்னைவிட அந்த ரூமை நம்பியிருந்தது எதிர்வீட்டு அக்கா. வண்டியிலிருந்து விழுந்து இடுப்பு முறிந்து, ஒட்டியும் ஒட்டாமலும் நடக்கிறவர். எங்கள் வாசலுக்கு வருவதற்குள்ளேயே ஒரு தடவை நின்று மூச்சு வாங்குவார். பஸ் படி ஏற முடியாது. ஆனால் ஓரம் அடிக்கிற ஓவர்லாக் மெஷினில் உட்கார்ந்துவிட்டால் அவரைப் பிடிக்க ஆள் கிடையாது. பெடலை ஒற்றைக் காலிலேயே மிதிப்பார். புது டிசைன் வந்தால் முதல் பீஸை அவரிடம்தான் கொடுப்பேன். திருப்பிப் பார்த்து, தடவிப் பார்த்து, கழுத்துப் பட்டியை இழுத்துப் பார்த்து, பிறகுதான் வைப்பார். புருஷன் விட்டுப் போய்விட்டான். வேறு வருமானம் கிடையாது. ரூம் ஓடினால்தான் அக்காவுக்கு அடுப்பு எரியும்.

கரண்ட் விலையை நடுவில் ஏற்றினார்கள். ஏற்றினால் கூலியும் ஏறணுமா இல்லையா? காண்ட்ராக்டரிடம் கேட்டேன். கம்பெனியில் ஆர்டருக்கு விலை சொல்லும்போதே நூலுக்கு இவ்வளவு, சாயத்துக்கு இவ்வளவு, கரண்டுக்கு இவ்வளவு என்று கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்துத்தான் சொல்கிறார்கள். அதில் எங்கள் கரண்ட் எங்கே என்றேன். அவர் பான்பராக்கை ஒதுக்கிக்கொண்டு சொன்னார்: "அது உங்க ஊட்டுக் கரண்டு தானுங்கக்கா. எப்படியும் எரியறதுதானே." எப்படியும் எரிகிறதாம். இவர் துணிக்கு எரிகிற லைட்டும் இவர் துணிக்கு ஓடுகிற மோட்டாரும் என் வீட்டுச் செலவு!

வீட்டு மாடியில் ஏறி நின்றால் சுற்றிலும் காற்றாலைகள். ஆடி மாதக் காற்றில் தூக்கம் வராத அளவுக்குச் சத்தம். அத்தனையும் மில்காரர்களும் பெரிய கம்பெனிகளும் போட்டது. அவர்கள் காற்றில் எடுக்கிற கரண்டை அவர்கள் பில்லில் கழித்துக்கொள்ளலாம். அதற்குச் சட்டம் இருக்கிறது, பேப்பர் இருக்கிறது, ஆள் இருக்கிறார்கள். சத்தம் மட்டும் எங்களுக்கு. நானும் மனுஷிதானே, வயிறு எரியாதா?

வாய்க்கால் யோசனை வந்தது என் வீட்டுக்காரருக்கு. எங்கள் தோப்பின் பின்புறம் பாசன வாய்க்கால் போகிறது. தண்ணீர் வருஷம் பூராவும் ஓடாது, முறை வைத்து விடுவார்கள். எங்கள் வேலிக்கு நேராக ஓரிடத்தில் அந்த வாய்க்கால் ஒரு ஆள் உயரத்துக்கு மேலிருந்து கீழே விழும். தண்ணீர் விட்ட நாட்களில் அங்கே நின்று பேசினால் பக்கத்தில் இருப்பவருக்குக் கேட்காது. கோயம்புத்தூரில் ஒரு பட்டறைக்காரர் இந்த மாதிரி இடங்களுக்கென்று சின்னதாக டர்பைன் செய்கிறார் என்று யாரோ சொல்ல, இவர் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். வந்த நாளிலிருந்து அதே பேச்சு. விழுகிற தண்ணீரில் கொஞ்சத்தை ஒரு குழாயில் திருப்பி, மெஷினைச் சுற்றவிட்டு, அதே தண்ணீரைக் கீழே அதே வாய்க்காலில் விட்டுவிடலாம். ஒரு சொட்டுக் குறையாது. தண்ணீர் முறை இருக்கிற மாதங்களில் தையல் ரூம் முழுக்க அதில் ஓடும்.

நான் என் வழக்கப்படி மனதில் கணித்துப் பார்த்தேன். முறை இருக்கிற மாதங்களில் தையல் ரூம் வீட்டு மீட்டரைத் தொடாவிட்டால், ரீடிங் எடுக்கிறவர் எவ்வளவு தாமதமாக வந்தாலும் அளவு தாண்டாது. ரூம் பிழைத்துக்கொள்ளும். அக்காவிடம் சொன்னேன். அவர் மெஷினை நிறுத்திவிட்டு, "நெசமாவா கண்ணு?" என்று கேட்டார்.

திருட்டுத்தனமாகக் குழாயைச் சொருகிவிட்டுப் போகிறவர்கள் எத்தனையோ பேர். இரவோடு இரவாக மோட்டார் வைத்து வாய்க்காலை உறிஞ்சுகிறவர்களை ஊருக்கே தெரியும். நாங்கள் முறைப்படி லைசென்ஸ் கேட்டோம். வாய்க்கால் ஆபீஸுக்குப் போனோம். கரண்ட் எடுக்கிற விஷயம், முதலில் கரண்ட் ஆபீஸில் ஆட்சேபணை இல்லை என்று வாங்கி வாருங்கள் என்றார்கள். கரண்ட் ஆபீஸுக்குப் போனோம். தண்ணீர் அவர்களுடையது, முதலில் அங்கே வாங்கி வாருங்கள் என்றார்கள். இப்படி இரண்டு ஆபீஸுக்கும் நடுவில் எங்களைப் பந்தாடினார்கள். ஒவ்வொரு தடவையும் என் வீட்டுக்காரர், "சரிங்க, ஆகட்டுங்க, வந்துட்டுப் போறோமுங்க" என்று கும்பிட்டுவிட்டு வருவார். எனக்கு வாயில் நன்றாக வரும். அவர் முகத்துக்காக அடக்கிக்கொள்வேன்.

கடைசியில் வாய்க்கால் ஆபீஸில் மனுவை வாங்கிக்கொண்டார்கள். வாங்கின பிறகு ஒரு கேள்வி. இந்த இடத்தில் எவ்வளவு கரண்ட் கிடைக்கும், அளந்து எழுதிக் கொடுங்கள் என்றார்கள். மெஷின் வைக்காமல் எப்படி அளப்பது? அது உங்கள் பாடு என்றார்கள். பட்டறைக்காரர் நல்ல மனிதர். ஒரு மெஷினைக் கொடுத்து, வைத்துப் பார்த்து அளந்துவிட்டுத் திருப்பிக் கொடுங்கள் என்றார். முறைத் தண்ணீர் வந்ததும் வைத்துப் பார்த்தோம். சுற்றியது. அளந்தோம், எழுதிக் கொடுத்தோம். மெஷினைக் கழற்றி, பட்டறைக்காரர் வந்து எடுத்துப் போகட்டும் என்று சாக்குப் போட்டு மூடி வைத்தோம். அவர்கள் கேட்டதற்காகத்தான் வைத்தோம், கேட்டது முடிந்ததும் எடுத்துவிட்டோம். இதை நான் எங்கே வேண்டுமானாலும் வந்து சொல்வேன்.

அதன் பிறகு ஆபீஸர் ஒருவர் நேரில் வந்து இடத்தைப் பார்ப்பார் என்று தகவல் வந்தது. வந்தார். வேறு ஜில்லாக்காரர், இங்கே வந்து ரொம்ப நாள் ஆகவில்லை. சித்திரை வெயில், வாய்க்காலில் முறைத் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. ஜீப்பில் வந்து இறங்கும்போதே சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

எங்கள் பக்கம் வீட்டுக்கு ஒருவர் வந்துவிட்டால் அவர் யார், எதற்கு வந்தார் என்பதெல்லாம் பிறகு. முதலில் தண்ணீர், அப்புறம் சாப்பாடு. கடன் வசூலிக்க வந்தவரானாலும், ஜப்தி பண்ண வந்தவரானாலும் இலையில் உட்காராமல் போகக்கூடாது. என் வீட்டுக்காரருக்கு இந்தக் குணம் கொஞ்சம் அதிகம். முதல் நாளே நாட்டுக்கோழி சொல்லி வைத்துவிட்டார். காலையிலேயே மரத்தில் ஆள் ஏறிச் செவ்விளநீர் இறக்கியாயிற்று. நானும் அரிசியும் பருப்பும் சாதம் ஆக்கி, நெய் உருக்கி, தயிர் உறையூற்றி வைத்திருந்தேன். எதிர்வீட்டு அக்கா ஒற்றைக் காலில் நின்றுகொண்டு வெங்காயம் உரித்துக் கொடுத்தார்.

ஆபீஸர் வாய்க்காலைப் பார்த்தார், படம் எடுத்தார், எல்லாம் திருப்தி என்பது போலத் தலையாட்டினார். சாப்பிட வாங்க என்று கூப்பிட்டு இலை போட்டேன். சோறு விழுந்தது, கரண்ட் போய்விட்டது. எங்கள் லைனில் அது தினம் நடப்பதுதான். ஃபேன் நின்றது. ஆபீஸருக்கு நெற்றியிலிருந்து இலைக்குள் வேர்வை சொட்டுகிறது. கைக்குட்டையால் துடைக்கிறார், மறுபடி சொட்டுகிறது.

நான் விசிறியைத் தேடினேன். அதற்குள் என் வீட்டுக்காரரைக் காணோம். விருந்தாளி வேர்த்து ஊற்றச் சாப்பிடுவதை அவரால் பார்க்க முடியாது. தோப்புக்குள் ஓடியிருக்கிறார். சாக்கை உருவி, மெஷினைத் தூக்கிக் குழாயில் மாட்டி, அளக்கும்போது ரூமுக்கு இழுத்திருந்த ஒயரை வீட்டு ஃபேனுக்கு மாற்றி, எல்லாம் ஆபீஸர் கோழிக்கு வருவதற்குள் முடித்துவிட்டார். தலைக்கு மேல் ஃபேன் சுற்ற ஆரம்பித்தது. ஆபீஸர் நிமிர்ந்து பார்த்தார்.

"கரண்ட் வந்துருச்சா?" என்று கேட்டார்.

ஆமாங்க என்று சொல்லித் தொலைத்திருக்கலாம். அப்படிச் சொல்லிவிட்டால் அவர் என் வீட்டுக்காரரா! இடுப்பு வரைக்கும் நனைந்த வேட்டியோடு வாசலில் நின்று, முகமெல்லாம் சிரிப்பாக, "இல்லீங்க சார். இது நம்ம வாய்க்கால் கரண்டுங்க. உங்களுக்காகத்தானுங்க போட்டேன்" என்றார்.

ஆபீஸர் நன்றாக இருக்கிறது என்றார். காற்றும் நன்றாக இருக்கிறது, கோழியும் நன்றாக இருக்கிறது என்றார். மறுசோறு போட்டுக்கொண்டார். தயிருக்கு மறுபடி கை நீட்டினார். நான்தான் ஊற்றினேன். சாப்பிட்டு முடித்துக் கொஞ்ச நேரம் அதே ஃபேனுக்கு அடியில் கண்ணயர்ந்தார். போகும்போது ஒரு குலை இளநீரை ஜீப்பில் ஏற்றிவிட்டோம். அன்றைக்குச் சாயங்காலம் வந்து பார்த்த அக்காவிடம், கிடைத்துவிடும் அக்கா என்று நானே சொன்னேன்.

பதில் வந்தது. அனுமதி பெறாமலேயே அரசு வாய்க்காலிலிருந்து மின்சாரம் எடுத்து வீட்டு உபயோகத்துக்குப் பயன்படுத்தி வருவது நேரடி ஆய்வில் தெரிய வந்ததாம். ஆகையால் மனு நிராகரிக்கப்படுகிறதாம். மெஷினை ஒப்படைக்க வேண்டுமாம்.

படித்துவிட்டு எனக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. நேரடி ஆய்வு! இலைக்கு முன்னால் உட்கார்ந்து, என் கையால் தயிர் வாங்கிக் குடித்துவிட்டு, அவருக்கு வேர்க்கிறதே என்று போட்ட காற்றில் தூங்கி எழுந்துவிட்டுப் போய் எழுதியிருக்கிறார். சாப்பிட்டது எழுதவில்லை. கரண்ட் போனது எழுதவில்லை. அளந்து கொடுங்கள் என்று கேட்டது அவர்கள் ஆபீஸ்தான் என்பது எழுதவில்லை. என் வீட்டுக்காரரைப் பார்த்துக் கத்தினேன். யார் ஓடச் சொன்னது உன்னை என்று, கல்யாணமான இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக ஒருமையில் கேட்டுவிட்டேன். அவர், "வேர்த்துச்சே புள்ள" என்று மட்டும் சொன்னார். அதற்கு மேல் நான் கத்தவில்லை.

அதோடு விட்டார்களா? அந்தக் காகிதத்தின் நகல் கரண்ட் ஆபீஸுக்கும் போயிருந்தது. இத்தனை நாள் கூப்பிட்டாலும் வராதவர்கள் கூட்டமாக வந்தார்கள். வீட்டைச் சுற்றிப் பார்த்தார்கள், தையல் ரூமுக்குள் நுழைந்தார்கள். நீங்கள்தானே வீட்டு மீட்டர் போதும் என்றீர்கள் என்று கேட்டேன். யார் சொன்னது, எழுத்தில் இருக்கிறதா என்றார்கள். சொன்னவர் மாற்றலாகிப் போய்விட்டிருந்தார். தையல் ரூமுக்குத் தனி மீட்டர், தொழில் ரேட் என்று முடிவு கட்டிவிட்டார்கள்.

அன்று சாயங்காலம் விளக்கேற்றிவிட்டு வந்து புதுக் கணக்கை மனதில் போட்டேன். எப்படி உருட்டினாலும் ஒரே பதில்தான் வந்தது. நாங்கள் தைக்கிற கூலியில் பாதிக்குமேல் கரண்டுக்கே போகும். காண்ட்ராக்டரிடம் கடைசியாக ஒரு தடவை கேட்டேன். முடியாவிட்டால் சொல்லுங்கக்கா, தாராபுரம் பக்கம் தைக்க ஆள் இருக்கிறார்கள் என்றார். கையில் இருந்த பண்டல்களை முடித்துக் கொடுத்துவிட்டு ரூமைப் பூட்டினேன். கடைசி நாளில் அக்கா எல்லா மெஷினுக்கும் எண்ணெய் விட்டுத் துடைத்தார். விற்கப்போகிறவைக்கு எதற்கு அக்கா என்றேன். வாங்குகிறவர்களுக்கு ஓடட்டும் என்றார். மெஷின்களை வேனில் ஏற்றும்போது அவர் வெளியே வரவில்லை.

நான் மறுபடி பஸ் ஏறினேன். பல்லடம் ரோட்டில் ஒரு பெரிய கம்பெனி. ஹாலுக்குள் நூறு மெஷின்களின் சத்தம், ஒரு பக்கம் ஹிந்தி, ஒரு பக்கம் மதுரைத் தமிழ், லைன் சூப்பர்வைசர் என் மகன் வயது. ரூமில் கூடத் தைத்த மற்ற இரண்டு பெண்களும் அதே பஸ்தான். அக்காவால் ஏற முடியாது. எங்கள் வீட்டிலிருந்து கொஞ்சம் கொடுத்துப் பார்த்தேன், வாங்க மாட்டேன் என்றுவிட்டார். இப்போது தேங்காய் நார் அள்ளிக் கொட்டுகிற இடத்தில் உட்கார்ந்து பொறுக்கிக் கொடுக்கிறார். தூசியில் இருமிக்கொண்டே இருக்கிறார். கழுத்துப் பட்டியை அப்படி வைக்கிற கைக்கு நார் பொறுக்குகிற வேலை!

ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருக்கும். ஞாயிற்றுக்கிழமை, நான் வீட்டில் இருக்கிற ஒரே நாள். மறுபடி ஜீப் வந்து நின்றது. அதே ஆபீஸர். என் வீட்டுக்காரர், "வாங்க சார், வாங்க" என்று நாற்காலியைத் துடைத்துப் போட்டார்.

விஷயம் இதுதான். இந்த வாய்க்காலில் தண்ணீர் விழுகிற இடங்களில் எல்லாம் சின்ன டர்பைன் வைக்க ஒரு கம்பெனி முன்வந்திருக்கிறதாம். லைசென்ஸ் வேலை மளமளவென்று நடக்கிறதாம். எங்கள் இடம்தான் ஏற்கெனவே வைத்துப் பார்த்த இடம் என்பதால் முதலில் இங்கே வந்திருக்கிறார். குழாயை எங்கே சொருகினீர்கள், முறை முடிகிற நாட்களில் தண்ணீர் குறையும்போது மெஷின் சுற்றியதா, மட்டையும் குப்பையும் வந்து அடைத்ததா என்றெல்லாம் விசாரித்தார். கம்பெனிக்காரர்களுக்கு அது உபயோகமாக இருக்குமாம்.

எங்களுக்குக் கிடைக்குமா என்று நான் கேட்டேன். இல்லைம்மா, இது பெரிய அளவில் செய்கிறவர்களுக்கு மட்டும்தான், வீட்டுக்காரர்களுக்கு இதில் வழி இல்லை என்றார். சிரித்துக்கொண்டே சொன்னார். எங்களுக்கு என்ன நடந்தது என்பது அவருக்கு ஞாபகம்கூட இல்லை. அதைத்தான் என்னால் இன்றுவரை தாங்க முடியவில்லை. வேண்டுமென்றே கெடுத்திருந்தால்கூட ஒருவனை எதிரி என்று வைத்துக்கொள்ளலாம்.

மத்தியானமாகிவிட்டது. என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். நான் இலை போட்டேன். ஆமாம், போட்டேன். எங்கள் வீட்டிலிருந்து யாரும் பசியோடு போனதில்லை, அதை இவருக்காக மாற்றப்போவதில்லை. கோழியில்லை, இருந்த கத்தரிக்காய்க் குழம்பும் ரசமும். ஃபேனை மட்டும் போடவில்லை.

ஆபீஸர் இரண்டு வாய் சாப்பிட்டார். வேர்த்தது. நிமிர்ந்து ஃபேனைப் பார்த்தார், சுவிட்சைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். "கரண்ட் இல்லையா?" என்று கேட்டார்.

"கரண்ட் இருக்குதுங்க சார்," என்றேன். "இந்த ஃபேனுக்குத்தானுங்க லைசென்ஸ் இல்ல. நீங்கதானுங்களே எழுதிட்டுப் போனீங்க."

அப்போது ஞாபகம் வந்தது போல. கை அப்படியே இலையில் நின்றது. நான் நிறுத்தவில்லை. பூட்டிக் கிடக்கிற ரூமைக் கையால் காட்டி, அதில் யார் யார் தைத்தார்கள், இப்போது எங்கே எங்கே கிடக்கிறார்கள், அன்றைக்கு வெங்காயம் உரித்துக் கொடுத்தவர் இன்றைக்கு எங்கே உட்கார்ந்து இருமுகிறார் என்று ஒன்று விடாமல் சொன்னேன். கத்தவில்லை. ரசம் ஊற்றிக்கொண்டேதான் சொன்னேன். தான் பார்த்ததைத்தான் எழுதியதாகவும், அது தன் கடமை என்றும் அவர் மெதுவாகச் சொன்னார். பார்த்ததைத்தானுங்க, ஆனால் சாப்பிட்டதை எழுதவில்லையே என்றேன்.

ஆபீஸர் கை கழுவிவிட்டு, என்னைப் பார்க்காமல், என் வீட்டுக்காரர் பக்கம் திரும்பி, குழாய் சொருகின இடத்தையாவது காட்டுங்கள் என்றார். இந்த மனிதர் காட்டிவிடுவார். கேட்டவர்களுக்கு இல்லை என்று சொல்லி நான் பார்த்ததே இல்லை. வழி கேட்டால் வண்டியேறிக் கொண்டுபோய் விட்டுவிட்டு வருகிற ஆள். அவர் தோளில் கிடந்த துண்டை எடுத்து ஆபீஸர் கை துடைக்கக் கொடுத்தார். கொடுத்துவிட்டு, குனிந்த தலையோடு சொன்னார்:

"ஞாபகம் இல்லீங்க சார்."

அவ்வளவுதான். ஆபீஸர் துண்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். அதனால் ஒன்றும் நின்றுவிடப் போவதில்லை என்று எனக்குத் தெரியும். அவர்களாகவே ஓர் இடத்தைப் பார்த்து வைத்துக்கொள்வார்கள், எங்கள் வேலிக்குப் பின்னால் மெஷின் சுற்றும், கரண்ட் எங்கோ போகும். ஆனாலும் அந்த ஒரு பொய்க்காக என் வீட்டுக்காரருக்கு அன்று சாயங்காலம் மீதமிருந்த மாவில் பணியாரம் சுட்டுக் கொடுத்தேன். அவர் இரண்டுக்கு மேல் சாப்பிடவில்லை. வந்தவருக்கு ஃபேன் போட்டிருக்கலாம் என்று படுக்கப் போகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார்.

மறுநாள் திங்கட்கிழமை. பஸ் எங்கள் வீட்டுக்கும் எதிர்வீட்டுக்கும் நடுவில்தான் நிற்கும். நான் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தால், அக்கா தன் வீட்டுக் கதவைப் பிடித்துக்கொண்டு வந்து நிற்பார். ரூம் பூட்டின நாளிலிருந்து ஒரு நாள்கூடத் தவறவில்லை. அன்றும் நின்றார். இருமி முடித்து, மூச்சு வாங்கிக்கொண்டு, தினமும் கேட்கிற அதே கேள்வியைக் கேட்டார்.

"இன்னைக்கு என்ன டிசைன் கண்ணு?"

காலர் வைத்த டீஷர்ட் அக்கா, பையன்களுக்கு என்றேன். பட்டியை இழுத்துப் பிடிக்காதே, சுருங்கிவிடும் என்று அவர் சொல்லிக்கொண்டிருக்கும்போதே பஸ் கிளம்பிவிட்டது.